கைநாட்டுக்கு ஒரு நாற்காலி

டிஸ்கி: நீளமான பதிவு. ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவே மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதியது. எல்லாம் என் சொந்தக் கருத்து, எனக்குச் சம்பளம் தரும் வங்கியின் கருத்து அல்ல. கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்தது தாராவி. ஐம்பதை நெருங்கும் வயசு. என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் சரளமாகப் பேசுவார். என் மனைவி பேசும் இந்தியைவிட அவர் இந்தி நன்றாக இருக்கும் (இதை மனைவி படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). மூன்றில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாது.

வேலை முடிந்து முலுண்ட் ஸ்டேஷனுக்குப் போனால், பலகையில் பாம்பு மாதிரி வளைந்த எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் ஏறுவார். அது 'எஸ்', ஸ்லோ வண்டி, சயானில் நிற்கும். பாம்பு இல்லாத வண்டியில் ஒருநாள் அவசரத்தில் ஏறி, தாதரில் போய் இறங்கி, திரும்பி வந்து, வீட்டில் பேத்திக்குச் சோறு போட இரவு பத்தாகிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

சிரிக்காமல் சொன்னது வேறொன்று. சில வருஷம் முன்பு ஒரு குழுக் கடனுக்குக் கைநாட்டு வைத்தார். தன் கடனுக்கு என்று நினைத்து வைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பதும் அதே தாளில் இருந்தது. அந்தப் பெண் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனபிறகு, வாரா வாரம் இவர் வாசலில் ஆள் வந்து நின்றது. தாளை வாங்கி நான் படித்துப் பார்த்தேன். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வங்கிக்காரனான எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

இவரைத் தேடி ஒருநாள் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்திருக்கிறார். மத்திய அரசின் 'உல்லாஸ்' திட்டம், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு. செல்போன் ஆப்பில் பெயரைப் பதிந்துகொண்டார். வகுப்பு மத்தியானம் மூன்று மணிக்கு, பள்ளிக்கூடத்தில். புத்தகம் மராத்தியில் இருக்கிறது, இந்தியிலும் தரலாம் என்றாராம். மறுநாள் இவர் என்னிடம் வந்து கேட்டார்:

"அண்ணாச்சி, அங்க இங்கிலீசு எழுத்து சொல்லித் தருவாங்களா?"

எனக்குள்ளே இருக்கிற தமிழ்ச் சங்கம் உடனே முழித்துக்கொண்டது. "தமிழ் படிக்கலாமே, நம்ம பாஷை" என்றேன்.

"தமிழைப் படிச்சி இங்க எதப் பாக்கப் போறேன்? போன்ல வாறது இங்கிலீசு. பேங்க்குல இருந்து வாறது இங்கிலீசு. டிரெயின்ல அந்தப் பாம்பும் இங்கிலீசு. தமிழ் எனக்கு வாயில இருக்கே, அது போதும்."

ஒரு வார்த்தை பதில் இல்லை என்னிடம். மராத்தியா, இந்தியா என்பதை யாரோ எங்கேயோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். மூன்று மணி என்பதையும் யாரோ முடிவு செய்தார்கள். மூன்று மணிக்கு இவர் எங்கள் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். அந்த மேஜையில் இருந்தவர்கள் யார்? இவரை மாதிரி ஒருவராவது அங்கே இருந்தாரா? இந்தப் பதிவு முழுக்க இந்தக் கேள்விதான்.

இதில் எனக்கு ஒரு பழைய பாக்கியும் உண்டு. நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்குப் பத்து வயசு. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி நாடே படித்தது. எங்கள் ஊரில் நான் பார்த்தது அவ்வளவு பெரிய காட்சி இல்லை. பிள்ளையார் கோயில் திண்ணை, ஒரு அரிக்கேன் விளக்கு, பத்தாவது முடித்த ஒரு அக்கா, எதிரே எங்கள் அப்பத்தாவும் இன்னும் பதினைந்து பேரும். விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது என் வேலை.

அங்கே அப்பத்தாக்கள்தான் வைத்தது சட்டம். மாட்டைக் கட்டிவிட்டு வந்துதான் வகுப்பு. நடவு மாசத்தில் வகுப்பு கிடையாது. அந்த அக்கா ஒருநாள் அதட்டிப் பேசியதும் அடுத்த நாள் திண்ணை காலி. அக்காவே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்தார். யாரும் இதை நிர்வாகம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுதான் நிர்வாகம்.

அறிவொளிக்கு முன்னோடி எர்ணாகுளம். 1989 ஜனவரி 26-ல் தொடங்கி, 1990 பிப்ரவரி 4-ல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்கள் ஒருபக்கம், ஆட்சியர் அலுவலகம் மறுபக்கம். இந்த மாதிரியை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். மாவட்டத்துக்கு ஒரு எழுத்தறிவுக் குழு, சங்கமாகப் பதிவு, தலைவர் ஆட்சியர். நல்ல ஆட்சியர் வந்தால் ஊர் திருவிழா. அவர் மாற்றலாகிப் போனால் தேர் நிலைக்கு வந்துவிடும். எங்கள் ஊர் வகுப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. அப்பத்தா கையெழுத்துப் போடுகிற மட்டுக்கு வந்து அத்தோடு நின்றுவிட்டார்.

கற்க வந்தவர்கள் கையில் காரியம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்து உதாரணம் இருக்கிறது. நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற கிராமம், 1992. எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் தங்களுக்குள் பேசி, ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். தீ மாதிரி மாவட்டம் தாண்டிப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. 'அ, ஆ' படிக்க வந்தவர்கள் அரசின் வருமானத்தில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த அரசு இவர்களுக்குக் குழுவில் நாற்காலி போடும்? இது என் சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள் :-)

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட கதை. 2017-18-ல் நான் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராமக் கிளைக்கு மேனேஜர். அப்போது நடந்துகொண்டிருந்தது 'சாக்ஷர் பாரத்'. 2009 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கிய திட்டம். 7 கோடிப் பேருக்கு எழுத்தறிவு, அதில் 6 கோடி பெண்கள் என்று இலக்கு. பஞ்சாயத்துக்கு ஒரு லோக் சிக்ஷா கேந்திரா, அதில் இரண்டு 'பிரேரக்'. அவர்களுக்கு மாசம் 2,000 ரூபாய் மதிப்பூதியம். அந்த வருஷம் அந்த ஊரில் நூறு நாள் வேலையில் பன்னிரண்டு நாள் மண் வெட்டினால் ஏறத்தாழ அந்தப் பணம் கிடைத்துவிடும்.

பணம் வந்த வழியைப் பார்த்து, பி.காம். படித்தவன் என்ற முறையில் நான் முதலில் அசந்துபோனேன். மாநில எழுத்தறிவு ஆணையத்திடம் ஒரு தாய்க் கணக்கு. மாவட்டம், ஒன்றியம், பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் அதன் கீழே ஜீரோ பேலன்ஸ் துணைக் கணக்குகள். பஞ்சாயத்தின் கணக்கில் ஒரு பைசா இருக்காது. மேலே இருப்பவர்கள் எவ்வளவு வரம்பு வைக்கிறார்களோ அவ்வளவு எடுக்கலாம். பணம் எங்கேயும் தூங்காது, வட்டி நஷ்டம் இல்லை, தணிக்கைக்கு எளிது. அருமையான ஏற்பாடு.

எங்கள் கிளைக்கு வரும் பிரேரக் பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "மேனேஜர் சாப், லிமிட் ஆயா கியா?" பெரும்பாலும் வந்திருக்காது. ஆறு மாசம், எட்டு மாசம் என்று நிற்கும். பஞ்சாயத்துத் தலைவர்தான் குழுவுக்குத் தலைவர், அவர் கையெழுத்துப் போடத் தயார், காசோலை தயார், வரம்பு மட்டும் பூஜ்யம். கணக்குப் புத்தகம் கீழே, பணமும் முடிவும் மேலே. நான் அசந்துபோன அந்த ஏற்பாட்டின் மறுபக்கம் இது. கிராமத்துக் குழுவுக்குப் பெயரும் முத்திரையும் பொறுப்பும் கொடுத்து, அதிகாரத்தை மட்டும் கொடுக்காமல் விட்டார்கள்.

2018 மார்ச் 31-ல் திட்டம் முடிந்தது. நாடு முழுக்க முடிந்தது. அந்தப் பெண் ஜூன் மாசம் ஒருநாள் கிளைக்கு வந்தார். கையில் ஒரு ரிஜிஸ்டர். கேந்திராவில் ஆறு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கேரம் போர்டு இருக்கிறது, இதையெல்லாம் யாரிடம் ஒப்படைப்பது என்று என்னிடம் கேட்டார். பஞ்சாயத்தில் கேட்டாராம், ஒன்றியத்தில் கேட்பதற்கு ஆளே இல்லையாம். வங்கியில் கேட்டால் தெரியும் என்று வந்திருக்கிறார். எனக்கு என்ன தெரியும்? கணக்கை மூடுவதற்கான விதி மட்டும் தெரியும். மூடினேன். என் கையெழுத்தில்தான் அந்தக் கணக்கு மூடப்பட்டது. அவருடைய நிலுவை பற்றி ஒரு கடிதமாவது மேலே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மார்ச் கணக்கு முடிப்பு, ஆய்வு, அது இது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்படிக் கலைவது இது முதல் தடவை இல்லை. 1978 அக்டோபர் 2-ல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கினார்கள், ஐந்து வருஷத்தில் 10 கோடிப் பேர் என்று. அது தேய்ந்து, 1988 மே 5-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம். பிறகு சாக்ஷர் பாரத். 2018-லிருந்து இரண்டு வருஷம் தேசிய அளவில் ஒன்றும் இல்லை. 2020-21-ல் 'பட்னா லிக்னா அபியான்', தமிழ்நாட்டில் கற்போம் எழுதுவோம் இயக்கம் என்று வந்தது அதுதான். 2022-27-க்கு உல்லாஸ், 1,037.90 கோடி ரூபாய். ஒவ்வொரு தடவையும் பழைய குழு காலாவதி, புதுக் குழு, புது லெட்டர்ஹெட். கற்றவர் யார், பாதியில் நின்றவர் யார், நாற்காலி எங்கே என்று பழைய ஆளைக் கேட்க வழியில்லை.

காரணம் எளிது. இந்த வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. 1988-ல் உண்டான தேசிய எழுத்தறிவு இயக்க ஆணையம் அமைச்சரவை முடிவில் பிறந்தது, நாடாளுமன்றச் சட்டத்தில் இல்லை. மேலே மத்திய அமைச்சர் தலைமையில் பொதுக்குழு, செயலர் தலைமையில் செயற்குழு. கீழே வந்தால் ஆட்சியர். உல்லாஸில் இன்னும் கீழே பள்ளிதான் அலகு, அதனால் தலைமையாசிரியர். எல்லோரும் பதவி வழியாக வந்து உட்கார்பவர்கள். இவர்களில் யாரையும் கற்க வருபவர் தேர்ந்தெடுக்கவில்லை, யாரையும் அவரால் நீக்கவும் முடியாது. கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள் என்று எங்காவது ஒரு சுற்றறிக்கை சொல்லலாம். கூப்பிடாவிட்டால் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், பிரிவு 21. அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். நடைமுறையில் பல இடங்களில் கையெழுத்துக் குழுதான், தெரியும். ஆனால் சட்டத்தில் இருக்கிறது, சண்டை போடலாம். 6 வயசிலிருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளையின் படிப்புக்கு அதன் அப்பா அம்மா குழுவில் பெரும்பான்மை. 48 வயசுப் பெண்ணின் படிப்புக்கு அவருக்கு அவரேதான் பாதுகாவலர், அவருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. இது என்ன கணக்கு?

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. உல்லாஸ் திட்ட ஆவணத்தில் ஒரு கழித்தல் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயசுக்கு மேல் எழுத்தறிவு இல்லாதவர்கள் 25.76 கோடி. அதில் ஆண்கள் 9.08 கோடி, பெண்கள் 16.68 கோடி. சாக்ஷர் பாரத்தில் 2009-10 முதல் 2017-18 வரை சான்றிதழ் பெற்றவர்கள் 7.64 கோடி. ஆகவே இப்போது மீதி 18.12 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். கால்குலேட்டர் எடுத்துக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும். அந்தச் சரிதான் தப்பு. 2011-க்கு முன்னாலேயே சான்றிதழ் வாங்கிய ஆள் அந்த 25.76 கோடியில் எப்படி இருப்பார்? அதற்குப் பிறகு பத்து வருஷத்தில் செத்துப்போன கிழவிகள் எங்கே? பள்ளியைப் பாதியில் விட்டு 15 வயசைத் தாண்டிய பிள்ளைகள் எங்கே? படித்து மறந்தவர்கள்? ஒரு கிளை மேனேஜர் வாராக் கடன் பட்டியலை இப்படி மீதி எடுத்துக் காட்டினால் எங்கள் ஆடிட்டர் அன்று மத்தியானமே மெமோ அடிப்பார். இத்தனை பெரிய குழுக்களில் இதைக் கேட்க ஆளில்லை. ஏனென்றால் எண் தப்பினால் அங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் நஷ்டமில்லை.

தேர்வு முறையும் அப்படித்தான். வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50, மொத்தம் 150 மதிப்பெண். 95 சதவீதம் எட்டினால் முழு எழுத்தறிவு மாநிலம் என்று அறிவித்துக்கொள்ளலாம். 2024 ஜூனில் லடாக், 2025 மே மாசத்தில் மிசோரமும் கோவாவும் அறிவித்துக்கொண்டன. சந்தோஷம்தான், வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் மீதி ஐந்து சதவீதத்தில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். வயசானவர்கள், ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள். நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறவர்கள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவர் போர்டில் உட்கார்ந்து என்ன செய்வார் சார்?" என்று என் நண்பர் ஒருவர், அவரும் வங்கிக்காரர், கேட்டார். நியாயமாகக் கேட்டதாக அவருக்கு நினைப்பு. நான் திருப்பிக் கேட்டேன். 1969-ல் வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள். அடுத்த வருஷத்துச் சட்டத்தில் ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவிலும் ஊழியர் ஒருவர், அதிகாரி ஒருவர் என்று இடம் வைத்தார்கள். கவுண்டரில் பணம் எண்ணுகிறவருக்குப் பெரிய முதலீடு பற்றி என்ன தெரியும் என்று அன்றும் கேட்டிருப்பார்கள். கடன் யாருக்குப் போகிறது, கிளையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். 2014-க்குப் பிறகு பெரும்பாலான வங்கிகளில் அந்த நாற்காலிகளை நிரப்பாமல் வருஷக்கணக்கில் காலியாகப் போட்டார்கள். அப்போது நாம் என்ன கத்து கத்தினோம்? இதே நண்பர் தர்ணாவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நமக்கு நாற்காலி வேண்டும், கைநாட்டுக்கு வேண்டாமா? மனுஷன் பேச்சை மாற்றி ஐ.பி.எல். பக்கம் போய்விட்டார்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் (நம்மில் பாதிப் பேருக்கு மெல்போர்னில் சொந்தம் இருக்கிறது) பெரியவர்களுக்கான சமுதாயக் கல்விக்கு என்று 1991-லேயே ஒரு சட்டம் போட்டு, ஒரு வாரியமும் அதன் கீழே மண்டலக் குழுக்களும் வைத்தார்கள். பின்னால் 2006-ல் வந்த பெரிய கல்விச் சட்டத்துக்குள் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். மண்டலத்தில் என்ன தேவை என்று வாரியத்துக்குச் சொல்வது மண்டலக் குழுவின் வேலை. அங்கேயும் நியமனம்தான், சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் திட்டத்தின் பெயர் மாறினாலும் வாரியம் என்று ஒன்று இருக்கும். ஆறு நாற்காலியை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு பெண் வங்கி மேனேஜரிடம் வந்து நிற்க வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். கேரளத்து எழுத்தறிவு மிஷன் 2017-ல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்று ஒன்றைத் தொடங்கியது. வெளி மாநிலத் தொழிலாளிகளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க. பாடப் புத்தகத்தின் பெயரே 'ஹமாரி மலையாளம்'. வந்தவன் யார், அவனுக்கு என்ன தெரியும் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கிய காரியம். மும்பையில் எத்தனை பாஷைக்காரர்கள்! இங்கே ஒரு மண்டலக் குழு இருந்து, அதில் தாராவியிலிருந்து ஒரு தமிழச்சி, பீகாரிலிருந்து வந்த ஒரு கட்டடத் தொழிலாளி, வகுப்பு எடுக்கும் தொண்டர் ஒருவர், பள்ளி டீச்சர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், மூன்று மணி வகுப்பு என்று தீர்மானம் போட்டிருக்க முடியுமா?

டீச்சர்களைச் சொன்னேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 2023-ல் மகாராஷ்டிரத்தில் எழுத்தறிவு இல்லாதவர்களைக் கணக்கெடுக்கும் வேலையை ஆசிரியர் சங்கங்கள் புறக்கணித்தன. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதை விட்டு இன்னொரு சர்வேயா என்று. அவர்களையும் யாரும் கேட்கவில்லை. தொண்டர்களுக்கோ சம்பளமே இல்லை, கடமை உணர்வுதான் கூலி. மாசம் 2,000 ரூபாயைப் பாக்கி வைத்த அரசு, பாக்கியே வராத வழியைக் கண்டுபிடித்துவிட்டது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம், மண்டலக் குழுக்கள். அதில் மூன்றில் ஒரு பங்காவது கற்பவரும் கற்றுக்கொடுப்பவரும், பாதி பெண்கள், புலம்பெயர்ந்தவர் அதிகமுள்ள ஊரில் அவர்களுக்குத் தனி இடம். கூட்டத்துக்கு வருகிற நாளுக்கு அன்றையக் கூலி, ஏனென்றால் வேலைக்குப் போகாவிட்டால் அவருக்குச் சோறு இல்லை. பஞ்சாயத்துக் கணக்கில் பூஜ்யம் இல்லாத ஒரு தொகை, அங்கேயே செலவு செய்ய. தீர்மானத்தை அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. வங்கியில் கைநாட்டுக் கணக்குக்கு நாங்கள் ஏற்கெனவே செய்வதுதான் இது, படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, சாட்சி வைத்து. குழுக் கடன் கொடுத்தவர்கள் அதைச் செய்யவில்லை, அது வேறு கதை.

இந்தப் பக்கத்துக்கு வரும் உங்களில் பல பேர் வீட்டில் இந்த அம்மா மாதிரி ஒருவர் இருப்பார். தொண்டராகப் பெயர் கொடுங்கள், நல்லதுதான். அதற்கு முன்னால் பள்ளிக்குப் போய், எந்தப் பாஷை, எத்தனை மணி என்று யார் முடிவு செய்தது என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்கு எந்தப் பாடகரைக் கூப்பிடலாம் என்று மூன்று கூட்டம் போடுகிறோம். எந்தக் கூட்டத்திலாவது தாராவித் தமிழர் நிர்வாகக் குழுவில் இருந்திருக்கிறாரா? நானும் இரண்டு வருஷம் பொருளாளராக இருந்தவன், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்வி அமைச்சகத்துக்கும் மாநில இயக்குநருக்கும் ஒரு கடிதம் எழுதி முடித்தேன். சட்டம், பிரிவு, கழித்தல் கணக்கு எல்லாம் போட்டு நான்கு பக்கம். பெருமையாக இருந்தது. அந்த அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துக் காட்ட வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேனே என்று, அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கத் தமிழில் படித்துக் காட்டினேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. ராத்திரி எட்டரைக்கு மேல வகுப்பு வைக்கச் சொல்லி எழுதலையே? பேத்திய எங்க விடுததுன்னும் எழுதல. அவளையும் கூட்டிட்டு வரலாமான்னு கேளுங்க."

நான்கு பக்கத்தையும் இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தேன். இல்லைதான். இரண்டையும் முதல் பக்கத்துக்கு ஏற்றி, மறுபடி அச்செடுத்து வைத்திருக்கிறேன். கீழே அவர் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறது. கைநாட்டு வேண்டாமாம். ஒரே எழுத்தாவது தானே போடுவாராம், எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஒரு வாரமாகப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பழகிக்கொண்டிருக்கிறார். பாம்பு இன்னும் இடம் வலமாக மாறித்தான் விழுகிறது.